காத்து வந்தால் நிற்காதே

பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மனிதரை உட்காரவைத்து இரண்டு மாடி இறக்குவது மூட்டை இறக்குவது மாதிரி இல்லை. மூட்டைக்கு வெட்கம் கிடையாது.

ஸ்டானிஸ்லாஸுக்கு அது நிறையவே இருந்தது. துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் விளிம்பில் நின்றுகொண்டு, கையசைவிலேயே கிரேன்காரனுக்கு வழி சொல்லி, வேலை பார்த்த காலமெல்லாம் ஊரார் சரக்கை இறக்கிவைத்தவர். இன்று காலை அவரையே நாலு பேர் படியில் இறக்கினார்கள். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து 'பாத்து, பாத்து' என்று சொன்னபோது, தூங்குகிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு அவருடைய மகள் மெர்லின் பின்னாலேயே இறங்கினாள். அப்பாவின் கால்கள் நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ஓடி ஓடி முறுக்கேறிய கெண்டைக்கால்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தும் அவை இன்னும் சூம்பவில்லை. அதுதான் அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. காலுக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்தத் தொடரில் முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

ராயபுரத்தில் 'எட்டுக்குள்ள வூடு' என்று ஓர் ஓட்டக் கூட்டம் இருக்கிறது. பெயரே விளக்கம் சொல்லிவிடும். இருட்டு விலகுமுன் கிளம்ப வேண்டும், எவ்வளவு தூரம் ஓடினாலும் எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்து, குளித்து, அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட வேண்டும். ஆரம்பித்தவன் வசீம், ஏசி மெக்கானிக். அவன்தான் கேப்டன். உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாஸைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஓட்டத்தில் விட்டவனும் அவனே. மகன் வயதுக்காரன். ஆனால் அவர் அவனை 'மாமு' என்றுதான் கூப்பிடுவார். அவன் 'ஸ்டானிண்ணே' என்பான். அண்ணன் மாமுவைக் கூப்பிட, மாமு அண்ணனைக் கூப்பிட, அது என்ன உறவோ, அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை அவர்கள் ஓடும் சாலையில் ஒரு பக்கம் கடலை மறிக்கக் கொட்டிய பாறைகள், மறுபக்கம் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். நடுவில் மிச்சமிருக்கிற தார் இவர்களுடையது. திருவொற்றியூரைத் தாண்டினால் சில நாள் மேற்கிலிருந்து ஒரு நெடி வரும். கண் எரியும். தொண்டையைக் கவ்வும். எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் எட்டுக்குள் வீடு வந்து சேர முடியாது. ஆகவே வசீம் ஒரு சட்டம் போட்டிருந்தான். நெடியை முதலில் உணர்கிறவர் 'காத்து' என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு, நிற்காமல் அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும். நின்றால், நின்ற இடத்திலேயே அதைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். காத்து வந்தா நிக்காதே, தாண்டு. இவ்வளவுதான் சட்டம். நல்ல சட்டம். பலரைக் காப்பாற்றிய சட்டம்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, முழு மாரத்தானுக்கு முன்னால் கடைசி நீள ஓட்டம். மெர்லினும் அப்பாவும் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். எர்ணாவூர் நெருங்கும்போது பின்னாலிருந்து அப்பா 'காத்து' என்றார். மெர்லின் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நிக்காத டாடி, தாண்டு, தாண்டு" என்று கத்திவிட்டு வேகத்தைக் கூட்டினாள்.

அவரும் தாண்டத்தான் பார்த்தார். பாலம் ஏறுமுன் விழுந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், அவள் மடியில் தலைவைத்துக்கொண்டு அவர் திரும்பத் திரும்ப முனகினார். அப்போதுதான் முழு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது. 'காத்து வரல, மெர்லு. காத்து வரல.' மூச்சு வரவில்லை என்று சொல்லியிருக்கிறார் மனிதர். பின்பாதியை ஒரு லாரி ஹாரன் தின்றுவிட்டது. முன்பாதிக்கு மகள் சட்டத்தைச் சொல்லி விரட்டியிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் மூக்குக்கு எந்த நெடியும் தெரியவில்லைதான். ஆனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்கள் மூக்கை நம்புவதில்லை. அது பழகிப் பழகிக் கெட்டுப்போன மூக்கு. அடுத்தவர் 'காத்து' என்றால் காற்றுதான்.

இதை மெர்லின் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா சொன்னாரா என்றால், விழுந்த நாளிலிருந்து அவர் பேச்சே குறைந்துபோயிற்று. அம்மா பிலோமியோ, ஓட்டத்தில் இழுத்துவிட்ட வசீம்தான் தன் புருஷனை ஓட ஓட விரட்டி விழவைத்தான் என்று முடிவுகட்டி, அவனை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது ராயபுரத்தில் இரண்டாவது மாடியில் குடியிருந்தது.

இனி இன்றைய கதை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்கோ படத்தைப் பார்த்துவிட்டு, பெரியவரைக் கொஞ்சம் வெளியே உட்காரவையுங்கள் என்றாள். அந்த ஒரு வாக்கியத்திலேயே மெர்லினுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். இதயத்தின் தசை நிறைய செத்துவிட்டது, மருந்து கொடுப்பது மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான், போனது வராது. படியேறக் கூடாது, பளு தூக்கக் கூடாது. ஓட்டம் என்ற பேச்சே இருக்கக் கூடாது.

பிலோமி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கேட்டாள். மெர்லின் மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, வலி வந்ததும் உட்கார்ந்துவிட்டாரா, மேற்கொண்டு ஓடினாரா என்று கேட்டாள். ஓடினார் என்றாள் பிலோமி.

"அப்பவே நின்னிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதும்மா."

சொன்னவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் எத்தனை சொல்ல வேண்டியிருக்கிறதோ, பாவம். ஆனால் அந்த வார்த்தை மெர்லினின் நெஞ்சில் இறங்கிய இறக்கத்தை எந்த எக்கோவாலும் படம் பிடிக்க முடியாது. அப்பவே நின்னிருந்தா. அவர் நிற்கத்தானே பார்த்தார். மூச்சு வரவில்லை என்று மகளிடம் சொல்லத்தானே செய்தார்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் பிலோமி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கேட்டியாடி? அப்பவே நின்னிருந்தான்னு சொல்றாங்க. நிக்க வுட்டானா அந்தப் படுபாவி? நல்லா இருக்க மாட்டான், மெர்லின். எந்த வாய் என் புருஷன ஓடு ஓடுன்னு சொல்லிச்சோ அந்த வாய் நல்லா இருக்காது."

மெர்லின் அந்த வாயைத் திறந்து, "மம்மி, வா போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

நாற்காலி தூக்க வந்திருந்த நாலு பேரில் ஒருத்தி சங்கமித்ரா. வியாசர்பாடிக்காரி, தபால் ஆபீசில் வேலை. ஓட்டக் கூட்டத்தில் எப்போதும் கடைசியில் வருகிறவள், அதற்காக ஒரு நாளும் வெட்கப்படாதவள். இன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மருந்து வாங்க பிலோமி வரிசையில் நின்ற நேரத்தில், மெர்லினை டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

கூட்டம் சிதறிவிட்டது என்றாள். அவரவர் தனித்தனியாக ஓடுகிறார்கள், பாதிப் பேர் அதுவும் இல்லை. அடுத்த ஞாயிறு மாரத்தான். முதல் முறையாக முழுத் தூரத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, போகிறதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'வூடு வந்துடுச்சு, வூடு வந்துடுச்சு' என்று பின்னாலிருந்து கத்திக் கத்தி ஓட்டிக்கொண்டு வர ஆள் இல்லை. ஏனென்றால் அப்படிக் கத்துகிறவன் வசீம். வசீம் படுத்துவிட்டான்.

"வேலைக்கே போவறது இல்லியாம். அவன் பொண்டாட்டி மஹீன் போன் பண்ணி அழுவுது. செவுத்தப் பாத்துகினே கெடக்கறானாம். நான் போட்ட சட்டம் அண்ணன சாச்சிடுச்சி, இனி எவனையும் ஓடுன்னு சொல்ல மாட்டேன்னு பொலம்பறானாம்."

மெர்லின் டீயை உதட்டில் வைத்தாள். சூடா ஆறியதா என்று தெரியவில்லை.

"சாயங்காலம் உங்க வூட்டுக்குப் போடான்னு சொல்லிட்டேன்" என்றாள் சங்கமித்ரா. "அண்ணி திட்டட்டும், வாங்கிக்கோ, ஆனா அண்ணன் வாயால ஒரு வார்த்த கேட்டுகினு வா. உன்னால இல்லடான்னு அவர் சொல்லிட்டா எய்ந்து உக்காந்துடுவான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "நீதானே கண்ணு பக்கத்துல இருந்தே. இன்னாதான் ஆச்சு அன்னிக்கு?"

சொல்லியிருக்கலாம். கேட்டவள் அவள் தோழி. திட்டுகிறவள் இல்லை, கட்டிப்பிடித்து அழுகிறவள். இதைவிட நல்ல காது ஊரில் கிடைக்காது.

"திடீர்னு வுயுந்துட்டாருக்கா" என்றாள் மெர்லின்.

சங்கமித்ரா அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் டீ கிளாஸைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

வீட்டுக்கு வந்து, நாற்காலி மறுபடி மாடியேறி, அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்தபோது வெயில் ஏறிவிட்டது. தூக்கியவர்களுக்கு பிலோமி மோர் கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டு, 'அண்ணே, அடுத்த வருசம் நாம்ப ஒண்ணா ஓடறோம், சும்மா பிச்சு எறியறோம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உற்சாகப்படுத்துவது அந்தக் கூட்டத்தின் தொற்றுவியாதி. டாக்டரம்மா சொன்னது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் காலி மோர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிலோமி உப்பில்லாத கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள். இரண்டு கரண்டிக்கு மேல் அவர் முஷ்டியை மடக்கி உயர்த்தினார். துறைமுகத்தில் அதற்கு 'நிறுத்து' என்று அர்த்தம். எவ்வளவு பெரிய சரக்கானாலும், சிக்னல்மேன் முஷ்டியை உயர்த்திவிட்டால் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். கிரேன்காரன் ஏன் என்று கேட்கக் கூடாது. பேச்சு குறைந்ததிலிருந்து ஸ்டானிஸ்லாஸ் வீட்டையும் துறைமுகமாக்கிவிட்டார். போதும், கொண்டுவா, ஃபேனைக் குறை, எல்லாவற்றுக்கும் கைதான்.

"வாயத் தெறந்து வேணான்னு சொன்னா இன்னா? நான் இன்னா கிரேனா?" என்று பிலோமி அலுத்துக்கொண்டே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய் எவ்வளவு சத்தம் போட்டாலும் அந்த வீட்டுக்கு அது கேட்கும். சின்ன வீடு.

மெர்லின் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டிலுக்கடியில் அவருடைய ஓட்டக் காலணிகள் இருந்தன. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த அன்று எப்படி வைத்தாளோ அப்படியே, எர்ணாவூர் மண்ணோடு.

நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன வருஷம், மெர்லின் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வேலைக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, தலை வாரவில்லை. ஒரு விடியற்காலையில் அப்பா வந்து, படுத்திருந்தவளின் காலில் காலணியை மாட்டி, குனிந்து நாடாவைக் கட்டிவிட்டார். கல்மண்டபம் வரைக்கும் போய்விட்டு வரலாம் என்றார். கல்மண்டபம் வந்ததும், அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் என்றார். அது வந்ததும் அடுத்தது. அழுதுகொண்டே ஓடினாள். "நிக்காத மெர்லு. நின்னா கால் மரத்துடும். அழுதுகினே ஓடு, தப்பில்ல." அவளை அந்தக் குழியிலிருந்து மேலே கொண்டுவந்தது அந்த 'நிக்காத'தான். அதே வார்த்தையைத்தான் அவள் அவருக்குத் திருப்பிக் கொடுத்தாள். வாங்கிய கையால் கொடுத்தாள்.

"டாடி, வசீம் அண்ணன் சாயங்காலம் வருது."

அப்பாவின் முகம் மாறியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அதில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மாமு வர்றானா?" குரல் கம்மியிருந்தது. "ஏன் இத்தினி நாளா வரல அவன்?"

மம்மி வரவிடவில்லை என்று சொல்லத் தைரியம் இல்லாமல், வேலை அதிகம் என்று ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, ரேஸ் எப்போது என்று கேட்டார். அடுத்த ஞாயிறு என்றாள்.

"நீ ஓடணும். மாமு கூட ஓடு. நான் அடுத்த தபா வரேன்." போர்வைக்குள் காலை நீட்டி மடக்கிக் காட்டினார். "கால் நல்லாத்தான் கீது பாரு."

மெர்லின் பார்த்தாள். கால் நல்லாத்தான் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று பட்டது.

"டாடி, அன்னிக்கு நீ பின்னாலேர்ந்து ஏதோ சொன்னே இல்ல..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வருகிறது என்றார். மூடிய இமைகளுக்குள் விழிகள் அசைந்துகொண்டே இருந்தன. தூங்குகிற மனிதரின் கண் அப்படி அலையாது. அவருக்கு ஞாபகம் இருக்கிறது என்று மெர்லினுக்குத் தெரிந்துபோயிற்று. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. விழுந்த நாளிலிருந்து அவர் பேசாமல் இருந்தது பலவீனத்தால் மட்டும் இல்லை.

அன்று 'காத்து வரல' என்றபோது, அவர் கையையும் உயர்த்தியிருப்பாரோ? முஷ்டியை மடக்கி, நிறுத்து என்று? திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள்தான் திரும்பிப் பார்க்கவில்லையே.

சாயங்காலம் கோயில் மணி அடித்து ஓய்ந்த நேரத்தில் வசீம் வந்தான். பிலோமி பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு இப்போது அவளுடைய தையல் மெஷின்தான் கை கால் எல்லாம். வாசலில் நிழல் விழுந்ததும் மெஷின் நின்றது.

மெர்லினுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. தாடி மண்டியிருந்தது, சட்டை பெரியவர் சட்டையை இரவல் வாங்கிப் போட்டதுபோல் தொளதொளவென்று தொங்கியது. எப்போதும் ஷூவோடு துள்ளிக்கொண்டு வருகிறவன் ரப்பர் செருப்போடு நின்றான். அதுவும் வாசலுக்கு வெளியிலேயே.

"உள்ள வரல அண்ணி. இங்கியே நின்னுகினு ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் பூடறேன்."

கட்டிலில் ஸ்டானிஸ்லாஸ் எழுந்து உட்காரப் பார்த்தார். "மாமு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இருந்த ஆசையைக் கேட்டிருந்தால் கல்லும் உள்ளே வா என்று சொல்லியிருக்கும். பிலோமி கல் இல்லை, காயம்பட்டவள். கையில் கத்திரிக்கோலோடு எழுந்து குறுக்கே நின்றாள்.

வசீம் அவளைத் தாண்டி அவரைப் பார்த்தான்.

"ஸ்டானிண்ணே. முடியலன்னு தெரிஞ்சும், நான் போட்ட சட்டத்துக்காண்டிதான் ஓடினியா நீ? என்னாலதானா? ஆமான்னா ஆமான்னு சொல்லிடு. இல்லன்னா இல்லன்னு சொல்லிடு. ரெண்டும் தெரியாம தூக்கம் வரலண்ணே."

"அவரு இன்னா சொல்லணும்? நான் கேக்கறேன்" என்றாள் பிலோமி. புருஷன் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மாவின் வார்த்தை காலையிலிருந்து அவளுக்குள்ளும் கொதித்துக்கொண்டிருந்தது. "மாதா முன்னாடி சொல்லு. நீ நிக்கப் பாத்துக்கீற. நிக்காதவன் இல்ல நீ, எனக்குத் தெரியும். உன்ன நிக்காத, ஓடுன்னு கத்தினது யாரு? ஒரு வாய் கத்திக்கீது. எந்த வாய்? இவனா?"

சுவரில் மாதா படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெர்லின் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். சொல்லு டாடி, என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். சொல்லிவிடு. நான் சொல்ல வேண்டாம், நீயே சொல்லிவிடு. அந்த நேரத்திலும் அவளுடைய கெஞ்சல் அப்படிக் கோழைத்தனமாகத்தான் இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

ஸ்டானிஸ்லாஸ் மகளைப் பார்த்தார். விழுந்த நாளிலிருந்து அவர் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. படுக்கையில் சுருண்டு கிடந்தவளுக்கு நாடா கட்டிவிட்ட அன்று எப்படிப் பார்த்தாரோ அந்தப் பார்வை. இவளை இன்னொரு முறை அந்தக் குழியில் விழவிட்டால், தூக்கிக்கொண்டு வர இனி ஆள் இல்லை. அவர் இனி படியே ஏறி இறங்கக் கூடாது.

பிறகு அவர் வசீமைப் பார்த்தார். ஊரில் அவருக்கென்று இருந்த ஒரே தோஸ்து. பார்த்துக்கொண்டே, மெல்ல, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பிலோமி கத்திரிக்கோலை மெஷின் மேல் வைத்தாள். அவள் எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் அது கிடைத்ததும் அவளுக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

வசீம் அசையாமல் நின்றான். அன்று அவன் வெகு தூரம் பின்னால், கடைசி ஆளான சங்கமித்ராவோடு வந்துகொண்டிருந்தான். முன்னால் ஓடியவர்களுக்கு அவன் குரல் எட்டியிருக்கவே முடியாது. முன்னால் ஓடியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் கட்டிலில் கிடந்தார்.

அவன் கண்கள் மெதுவாக நகர்ந்து தண்ணீர்க் குடத்தருகில் வந்து நின்றன. மெர்லினை ஒரு முறை பார்த்தான். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"சட்டம் என்னுதுதான் அண்ணி" என்றான். "அத்த இல்லன்னு சொல்ல முடியாது." பிறகு கட்டிலைப் பார்த்து, "ஒடம்பப் பாத்துக்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான்.

மெர்லின் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"மம்மி, அது வசீம் அண்ணன் இல்ல, அது..."

கட்டிலிலிருந்து ஒரு கை எழுந்தது. ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கை. முஷ்டி மடங்கி, நடுங்காமல், அந்தரத்தில் நின்றது.

நிறுத்து.

அன்று அவரை நிற்கவிடாதவள் இன்று நின்றாள். வாய்வரை வந்த வார்த்தை அங்கேயே தொங்கியது. அப்பாவின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. கை மட்டும் இறங்கவில்லை.

"எது? இன்னாடி சொல்ல வந்தே?" என்றாள் பிலோமி. பதில் வராமல் போகவே, அவளே வேறு அர்த்தம் பண்ணிக்கொண்டாள். "அவனுக்கா பரிஞ்சு பேசறே? உங்கப்பனே சொன்ன அப்பால?"

மெஷினுக்கு முன்னால் தொப்பென்று உட்கார்ந்தாள். பாதியில் நின்ற தையலைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்தாள். திறந்த வாசல் வழியாகக் கடல் பக்கத்துக் காற்று வந்து மாதா முன்னால் இருந்த விளக்கை அலைத்தது.

"கதவச் சாத்து மெர்லின். அவருக்கு ஆவாது. காத்து வருது."

மெர்லின் கதவருகே போனாள். கீழே படிக்கட்டில் வசீமின் ரப்பர் செருப்புச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தான். ஓடினால் தெரு திரும்புமுன் பிடித்துவிடலாம்.

அவள் கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.